பெங்களூருவில் வாடகை வீடு: பி.ஜி. முதல் லீஸ் வரை, அட்வான்ஸ் பணத்துக்கு என்ன பாதுகாப்பு?

பெங்களூருவில் வேலை கிடைத்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "வாடகை எவ்வளவு?". ஆனால், அங்கே கையைக் கடிப்பது பெரும்பாலும் அட்வான்ஸ்தான். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது அந்த ஊரின் நீண்டகால வழக்கம். பேசிப் பார்த்தால் ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்கி வருபவர்களும் உண்டு.

என்னென்ன வகை இருக்கு?

பி.ஜி.: ஓர் அறையை இரண்டு, மூன்று பேர் பகிர்ந்துகொள்வது. சாப்பாடு, வைஃபை பெரும்பாலும் வாடகையிலேயே அடக்கம். அட்வான்ஸ் குறைவு. காலி செய்யும்போது எவ்வளவு பிடிப்பார்கள் என்பதைச் சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

1 ஆர்.கே.: ஓர் அறை, ஒரு சமையலறை, அவ்வளவுதான். 1 பி.ஹெச்.கே. என்றால் ஹாலும் படுக்கையறையும் தனித்தனி.

தனி வீட்டு மாடி: பராமரிப்புக் கட்டணம் பெரிதாக இருக்காது. ஆனால் ஓனர் கீழே குடியிருந்தால் விருந்தினர், அசைவம் என்று நிபந்தனைகள் வரலாம்.

அபார்ட்மென்ட்: லிஃப்ட், செக்யூரிட்டி, ஜெனரேட்டர் எல்லாம் உண்டு. அதற்கான மாதப் பராமரிப்புக் கட்டணம் வாடகைக்குள் வருமா, தனியா? விளம்பரத்தில் சொல்லும் சதுர அடியில் படிக்கட்டு, லாபி போன்ற பொது இடங்களின் பங்கும் சேர்ந்திருக்கலாம். அதனால் கார்பெட் ஏரியா எவ்வளவு என்று கேளுங்கள்.

எந்த வகையானாலும் காவிரி இணைப்பா, போர்வெல்லா, டேங்கர் லாரியா என்று விசாரிப்பது அவசியம். 2024 கோடையின் தண்ணீர்த் தட்டுப்பாடு அதைக் கற்றுக்கொடுத்தது.

எது மலிவு? ஒரு கணக்கு

வீடு 1: வாடகை ரூ.25,000, அட்வான்ஸ் பத்து மாதம், அதாவது ரூ.2.5 லட்சம். அந்தப் பணத்துக்கு 7% வட்டி என்று வைத்தால் மாதம் சுமார் ரூ.1,460 இழப்பு. காலி செய்யும்போது பெயின்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது சகஜம். 11 மாதத்தில் கிளம்பினால் அது மாதம் ரூ.2,270. உண்மையான வாடகை சுமார் ரூ.28,730.

வீடு 2: வாடகை ரூ.27,000, அட்வான்ஸ் இரண்டு மாதம், பெயின்ட் பிடித்தம் இல்லை. வட்டி இழப்பையும் சேர்த்தால் சுமார் ரூ.27,315. வாடகை அதிகமாகத் தெரிந்த வீடுதான் மலிவு!

சட்டம் உதவுமா?

மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புகளுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. ஆனால் அது மாதிரிதான். மாநிலம் தனியாகச் சட்டம் கொண்டுவந்தால்தான் செல்லும். கர்நாடக வாடகைச் சட்டம் 1999, பெங்களூரு போன்ற நகரங்களில் நிர்ணய வாடகை ரூ.3,500-ஐத் தாண்டும் வீடுகளுக்குப் பொருந்தாது. ஆக, இன்றைக்குப் பெரும்பாலான வீடுகளுக்கு நீங்கள் கையெழுத்திடும் ஒப்பந்தம்தான் பாதுகாப்பு.

சரி, லீஸுக்குப் போனா லாபமா?

நம்மூரில் 'ஒத்தி' என்பார்களே, அதேதான். சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, இரண்டு, மூன்று ஆண்டுகள் மாத வாடகை இல்லாமல் இருக்கலாம். முடிவில் பணம் வட்டியில்லாமல் திரும்பும். திரும்பாவிட்டால்தான் சிக்கல். வீட்டின் மீது வங்கிக் கடன் இருந்து ஓனர் கட்டத் தவறினால், 2002-ம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி வீட்டைக் கையகப்படுத்தலாம். பணத்துக்காக நீங்கள் ஓனரைத் துரத்த வேண்டியிருக்கும்.

பணம் கொடுப்பதற்கு முன்

* லீஸ் என்றால் வில்லங்கச் சான்றிதழ் பாருங்கள். கர்நாடக அரசின் காவேரி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். அசல் பத்திரம் ஓனர் கையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வங்கியில் இருந்தால் யோசியுங்கள்.

* ஓராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது 1908 பதிவுச் சட்டப்படி கட்டாயம். பலர் 11 மாதத்தோடு நிறுத்துவது இதனால்தான். லீஸ் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விடாதீர்கள்.

* அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும், எதற்கெல்லாம் பிடிப்பார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். "பார்த்துக்கலாம் சார்" என்ற வாய்வார்த்தை காலி செய்யும் நாளில் உதவாது.

* பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். குடியேறும் அன்றே சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் வீடியோ எடுத்து ஓனருக்கு அனுப்பி வையுங்கள்.