ஜாசின் வட்டாரத் தமிழரும் கானகமும்

ஆற்றுக்கும் சோலைக்கும் குடும்பத்தோடு செல்வது தமிழர்க்குப் புதிய வழக்கன்று. வையையில் நீராடவும் திருப்பரங்குன்றம் ஏறவும் மதுரை மக்கள் சுற்றம் சூழச் சென்றதைப் பரிபாடல் விரித்துரைக்கும். ஆடிப் பதினெட்டில் காவிரிக்கரையார் கட்டுச்சோற்றோடு ஆற்றங்கரை சேர்வதும் அம்மரபினதே எனலாம். இவ்வழக்குடைய மக்கள் மலாக்காவின் ஜாசின் வட்டாரத்திற்கு வந்தபோது கானகத்தோடு கொண்ட உறவு எத்தகையது?

1854-ஆம் ஆண்டில் இயற்கை நூலறிஞர் வாலஸ் ஆயர் பானாசில் தங்கிப் பறவைகளைத் திரட்டினார். ஓபிர் மலையும் ஏறினார். இன்று குனோங் லேடாங் எனப்படுவது அம்மலையே. அன்று அங்கே அவர் கண்டது பெருங்காடு. 1896-இல் டான் சே யான் என்பார், சிங்கப்பூர்ப் பூங்காத் தலைவர் ரிட்லியின் தூண்டுதலால், மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். பின்னர் ஓபிர் மலைப்பக்கத்துப் புக்கிட் அசகானில் ஏறத்தாழ 3,000 ஏக்கரில் பயிரிட்டார். காடழிந்த இடத்தில் நிரைநிரையாக மற்றொரு காடு எழுந்தது. தமிழர்க்கு வாய்த்தது அதுவே.

ஒரே மரம் நின்ற அதனைக் காடென்பதா எனத் தாவர நூலார் ஐயுறலாம். ஆயினும் லயத்துப் பிள்ளைகள் பருவங்களைக் கற்றது அங்கேதான். ஆண்டுத் தொடக்கத்து வறட்சியில் இலை சிவந்து உதிரும், பால் குறையும், வீட்டு வருவாயும் உடன் குறையும். பின்னர்க் காய் முற்றி வெயிலில் பட்டென வெடிக்கும். பொறுக்கிய கொட்டையைத் தரையில் தேய்த்துச் சூடேற்றி அடுத்தவன் கையில் வைத்து அலற வைப்பர் சிறுவர்! விறகுக்கும் கீரைக்கும் தாயோடு சென்றதும், அல்லூரில் தகப்பனோடு மீன் பிடித்ததும் அவர்களுக்கு உலா. வீட்டாருக்கோ கறிச்செலவு மிச்சம். வறுமையும் இயற்கையறிவும் ஒருங்கே வளர்ந்தன என்பதை மறைத்தல் ஆகாது.

1960-களுக்குப்பின் செம்பனை பரவப் பரவ, ரப்பர் நிரைகள் அருகின. குடும்பங்கள் பல லயம் விட்டு நகரத்து வீடமைப்புப் பகுதிகளில் குடியேறின. விடுமுறையில் அசகான் அருவிக்கு நீராடச் செல்லும் வழக்கமோ தொடர்கிறது. ஆனால் அருவியோரத்து மரத்தின் பெயர் கேட்டால் விடை சொல்வார் அரியர்.

ஆரிய மன்னன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தக் கபிலர் பாடியது குறிஞ்சிப்பாட்டு. அதில் அருவியாடிய மகளிர் பறித்துப் பாறையில் குவித்த பூக்கள் 99. அத்தனைக்கும் பெயர் உண்டு. வகுப்பில் அப்பட்டியலைச் சொல்லும் ஆசிரியர், அசகான் பாறையில் பத்துக்கேனும் பெயர் சொல்ல முயலலாம். பட்டையைத் தடவியே மரத்தை அறியும் முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளர் இன்னும் ஜாசினிலும் மெர்லிமாவிலும் உளர். பள்ளி உலாவில் அப்பாட்டிமாருக்கும் பேருந்தில் இடம் ஒதுக்கலாம்.