கரி ஓரிடம், மின்சாரம் ஓரிடம், வாக்கு ஓரிடம்

தென்னிந்தியாவில் நிலக்கரிச் சுரங்கம் தேர்தல் பேச்சாக மாறிய இடங்களில் நெய்வேலிக்கு நீண்ட வரலாறு உண்டு. கடலூர் மாவட்டத்தின் இந்தச் சிற்றூரில் 1930-களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தண்ணீருக்காகக் கிணறு தோண்டினார். நீரோடு கரிய துகள்களும் மேலே வந்தன. அவர் அரசுக்குத் தெரிவித்தார். பின்னர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை துளையிட்டுப் பார்த்து, அது பழுப்பு நிலக்கரி என்று உறுதிசெய்தது. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-இல் பதிவாயிற்று. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் முதன்முதலாகக் கரிப்படிவம் கண்ணுக்குத் தெரிந்தது. மறு ஆண்டே சோவியத் உதவியுடன் கட்டிய அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது.

அந்தக் காலத்து மேடைகளில் நெய்வேலி ஒரு சாதனைப் பெயர். காமராஜர் ஆட்சியின் பெருமைகளைச் சொல்லும்போது அணைகளோடும் பள்ளிகளோடும் நெய்வேலியும் வந்துவிடும். காங்கிரஸை எதிர்த்த தி.மு.க.வும் சுரங்கத்தை எதிர்க்கவில்லை. வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது என்று முழங்கிய கட்சிக்குத் தெற்கில் வந்த பெரிய ஆலை வேண்டியதாகவே இருந்தது. வீட்டையும் வயலையும் விட்டு வெளியேறிய கிராமங்களின் துயரம் அன்று எந்தக் கட்சியின் கொள்கையாகவும் ஆகவில்லை. 1894-ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டம் நடப்பில் இருந்தது. பொதுநலம் என்று அரசு சொன்னால் நிலத்துக்காரர் பேரம் பேச இடமில்லை.

சுரங்கம் இயங்கும் முறையை அறிந்தால்தான் பின்னாளைய அரசியல் விளங்கும். நெய்வேலியில் கரி ஆழத்தில் கிடந்தாலும் சுரங்கம் மேலே திறந்த குழிதான். ஒரு டன் கரியை எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் மேல் மண்ணை அகற்றியாக வேண்டும். கரிப்படிவத்துக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீர் சுரங்கத்தின் அடித்தளத்தைப் பெயர்த்துவிடாமல் இருக்க, இரவும் பகலும் நீரை இறைத்து வெளியேற்ற வேண்டும். ஜம்புலிங்க முதலியார் தேடிய அதே தண்ணீர் இப்போது சுரங்கத்துக்கு இடையூறு. சுற்றுவட்டார உழவர்கள் கிணறுகளின் நீர்மட்டம் தாழ்ந்ததைப் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். பழுப்பு நிலக்கரியில் ஈரம் மிகுதி, வெப்பம் குறைவு. தொலைவுக்குச் சுமந்து செல்வது கட்டுப்படியாகாது. அதனால் சுரங்க வாயிலிலேயே எரித்து, மின்சாரத்தை மட்டும் கம்பி வழியே அனுப்புகிறார்கள். குழி, புகை, சாம்பல் எல்லாம் அங்கேயே தங்கிவிடுகின்றன.

அந்தக் கம்பிகளில் சில கர்நாடகத்துக்கும் வருகின்றன. நெய்வேலியின் இரண்டாம் அனல்மின் நிலையத்தின் மின்சாரம் தென்மாநிலங்களுக்குப் பங்கிட்டுத் தரப்படுகிறது. கர்நாடகத்துக்கும் அதில் பங்கு உண்டு. கர்நாடகத்தில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. ராய்ச்சூர், பெல்லாரி அனல்மின் நிலையங்களுக்கான கரி வெளிமாநிலங்களிலிருந்து ரயிலேறி வருகிறது. பெங்களூருக்குத் தெற்கே ஓசூர் சாலையில், ஆனேக்கல் வட்டத்தில் உள்ள பொம்மசந்திரா தொழிற்பேட்டையின் மருந்து ஆலைகளும் இயந்திரப் பட்டறைகளும், 2025 ஆகஸ்டில் அங்குவரை ஓடத் தொடங்கிய மெட்ரோவின் மஞ்சள் தடமும் இந்தப் பொது மின்வலையைத்தான் நம்பியிருக்கின்றன. ஆனேக்கல்லில் வாக்குக் கேட்கும் வேட்பாளரிடம் நிலக்கரி பற்றி எவரும் கேட்பதில்லை; கேட்க வேண்டிய நெருக்கடியும் அங்கு இல்லை. கர்நாடகத்தில் சுரங்கம் ஆட்சியை அசைத்தது பெல்லாரியின் சட்டவிரோத இரும்புத்தாதுச் சுரங்க விவகாரத்தில். 2010-இல் அதை எதிர்த்துச் சித்தராமையா பெங்களூரிலிருந்து பெல்லாரிக்கு நடைப்பயணம் போனார். 2011 ஜூலையில் லோக் ஆயுக்தா சந்தோஷ் ஹெக்டேயின் அறிக்கை வந்ததும் முதல்வர் எடியூரப்பா பதவி விலகினார். அந்த விவகாரமும் பெரும்பாலும் ஊழலைப் பற்றியது. தூசி படிந்த வயல்கள் அதில் பின்வரிசையில்தான் நின்றன.

தமிழ்நாட்டுக் கட்சிகளும் நெடுங்காலம் நெய்வேலியை உடைமைப் பிரச்சினையாகவே பார்த்தன. 2006-இல் மன்மோகன் சிங் அரசு நிறுவனத்தின் பத்து விழுக்காட்டுப் பங்கை விற்க முனைந்தது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கூட்டணியில் இருந்த கருணாநிதி ஆதரவையே மறுபரிசீலனை செய்யப்போவதாக உணர்த்தினார். விற்பனை நின்றது. 2013-இல் ஐந்து விழுக்காட்டுப் பேச்சு மீண்டும் எழுந்தபோது, முதல்வர் ஜெயலலிதா தனியாரிடம் போகக்கூடாது என்று தமிழக அரசு நிறுவனங்களையே வாங்கவைத்தார், 3.56 விழுக்காட்டுப் பங்குக்கு ஏறத்தாழ 358 கோடி ரூபாய் செலவானது. இரண்டு பெரும் கட்சிகளும் ஒரே அணியில் நின்ற அரிய தருணங்கள் இவை. சுரங்கம் யாருக்குச் சொந்தம் என்று இரண்டும் கேட்டன. எவ்வளவு தூரம் விரியலாம் என்ற கேள்வி எழவில்லை.

அந்தக் கேள்வியை எழுப்பியது காவிரிப் படுகை. மன்னார்குடிப் பகுதியில் நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்கும் திட்டத்துக்கு 2010-இல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு ஒன்றிய அரசு உரிமம் அளித்தது, மாநில தி.மு.க. அரசும் 2011 தொடக்கத்தில் ஒப்பந்தம் செய்தது. அடியிலுள்ள நீரை இறைத்தால்தான் மீத்தேன் மேலே வரும். நெய்வேலியின் கிணறுகளைப் பற்றி அறிந்த உழவர்களுக்கு இதைப் புரியவைக்க அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று எதிர்ப்பைத் திரட்டினார். அந்தப் பயணத்தின் நடுவிலேயே 2013 டிசம்பர் 30 அன்று காலமானார். கட்சிகள் அவருக்குப் பின்னால்தான் வந்தன. அ.தி.மு.க. அரசு திட்டத்தை முதலில் நிறுத்திவைத்து, 2015-இல் தடைசெய்தது. தி.மு.க. தன் பழைய கையெழுத்துக்காகத் தேர்தல்தோறும் பதில் சொல்ல நேர்ந்தது. 2017-இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் எடுப்பதற்கு எதிர்ப்பு வெடித்த பிறகு காவிரி டெல்டாவில் எந்தக் கட்சியும் துளையிடுதலை ஆதரித்து வாக்குக் கேட்க இயலாத நிலை உருவானது. 2020 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களும் அதற்குள் வந்தன. நெய்வேலி வெளியே நின்றது.

இந்த எல்லைக்கோட்டின் பொருள் 2023-இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் ஒன்றிய நிலக்கரி அமைச்சகம் ஏலத்துக்கு விட்ட நிலக்கரித் தொகுதிகளில் டெல்டாப் பகுதியின் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய மூன்றும் இருந்தன. முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சட்டமன்றத்தில் கட்சி வேறுபாடின்றி எதிர்ப்பு எழுந்தது. மாநில பா.ஜ.க. தலைவராக இருந்த அண்ணாமலையும் தன் கட்சியின் அமைச்சரிடமே கைவிடும்படி கேட்டார். அப்போது நிலக்கரி அமைச்சராக இருந்த பிரகலாத் ஜோஷி கர்நாடகத்தின் தார்வாட் மக்களவை உறுப்பினர். ஏப்ரல் 8 அன்று மூன்று இடங்களையும் விலக்குவதாக அறிவித்தார். பத்து நாள்களுக்குள் முடிந்த வெற்றி அது.

மூன்றரை மாதங்கள் கழித்து, ஜூலை 26 அன்று, சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் கதிர் பிடிக்கும் பருவத்து நெல்வயல்களுக்குள் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நெய்வேலி இரண்டாம் சுரங்கத்தின் விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பும் கால்வாய்க்கு நிலம் தேவைப்பட்டது. ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்திய நிலம் என்றது நிறுவனம். வேலையும் உரிய விலையும் வராததால் உழுது விதைத்தோம் என்றனர் நிலத்துக்காரர்கள். அறுவடை வரை பொறுக்க முடியாதா என்று உயர்நீதிமன்றம் கேட்டது. பின்னர் ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிரிழப்பீடு தர உத்தரவிட்டது. இயந்திரங்கள் வயலில் இறங்கிய இரண்டு நாள் கழித்து பா.ம.க. தலைவர் அன்புமணி நெய்வேலியில் நடத்திய முற்றுகை வன்முறையில் முடிந்து, அவர் கைதானார். அ.தி.மு.க.வும் கிராமத்தினர் பக்கம் பேசியது. ஏப்ரலில் டெல்டாவுக்காகக் கடிதம் எழுதிய அரசு, ஜூலையில் காவல்துறைப் பாதுகாப்புடன் பணியை நடக்கவிட்டது. சுரங்கம் நின்றால் மின்சாரம் குறையும் என்பது அதன் வாதம். அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் வளர்ந்து நின்ற நெல்லை அழித்ததை அது நியாயப்படுத்தாது. அதே ஆண்டு பூவுலகின் நண்பர்கள் அமைப்பு வெளியிட்ட ஆய்வு, நெய்வேலியைச் சுற்றிய நீரிலும் மண்ணிலும் பாதரசம் உள்ளிட்ட மாசுகளைக் காட்டியது. புதிய சுரங்கத்தை எதிர்ப்பது கட்சிகளுக்கு எளிது. ஏற்கெனவே சம்பளமும் மின்சாரமும் தரும் சுரங்கத்தின் எல்லை விரியும்போதுதான் நிலைப்பாடு சோதனைக்கு உள்ளாகிறது.

ஜெர்மனியிலும் அதே ஆண்டு ஜனவரியில் இதே வகைக் கரிக்காக லூட்சராட் என்ற சிற்றூர் காலி செய்யப்பட்டது. சுற்றுச்சூழலையே உயிராகக் கொண்ட பசுமைக் கட்சி அவ்வூர் இருந்த மாநிலத்தின் ஆட்சியில் பங்கு வகித்தது. அந்தப் பகுதியில் கரி எரிப்பதை 2030-க்குள் முடிக்கும் உடன்பாட்டுக்கு ஈடாக அக்கட்சி ஊரை விட்டுக்கொடுத்தது. அங்கே முடிவுக்கு ஓர் ஆண்டாவது குறிக்கப்பட்டது. நெய்வேலியில் அப்படி ஓர் ஆண்டை எந்தப் பெரிய கட்சியும் முன்வைத்ததில்லை.

2024 மக்களவைத் தேர்தலில் நெய்வேலி நகரியம் அடங்கிய கடலூர்த் தொகுதியில் பா.ம.க. சார்பில் இயக்குநர் தங்கர் பச்சான் போட்டியிட்டார். தி.மு.க. கூட்டணியின் காங்கிரஸ் வேட்பாளர் விஷ்ணு பிரசாத் வென்றார். சுரங்கத்தை மிகக் கடுமையாக எதிர்த்த கட்சி, சுரங்கம் இருக்கும் தொகுதியிலேயே தோற்றது. அதற்குக் கூட்டணிக் கணக்கு, சாதிக் கணக்கு எனப் பல காரணங்கள். வாக்காளர்களில் நிலம் இழந்தவர்களோடு நிரந்தர ஊழியர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் கடைக்காரர்களும் ஓய்வூதியர்களும் இருக்கிறார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் சுரங்கத்தில் வேலை பார்ப்பதும், தம்பி நிலம் போய்விடுமோ என்று அஞ்சுவதும் அங்கு இயல்பு. அந்த வீட்டுக்கு வாக்குக் கேட்டுப் போகும் வேட்பாளர் நிலத்துக்கு நல்ல விலை, வீட்டுக்கு ஒரு நிரந்தர வேலை என்ற இரண்டையும்தான் முதலில் சொல்கிறார். இறைத்துக் கொட்டப்படும் தண்ணீரைப் பற்றிப் பேசுபவர் குறைவு.