விளக்கு வைத்த பிறகு நடந்த பள்ளிகள்

கல்வி வரலாறு என்றால் பகல் பள்ளிகளின் வரலாறுதான் எழுதப்படுகிறது. நம் மக்களின் கல்வி வரலாற்றில் பாதி, விளக்கு வைத்த பிறகு நடந்த பள்ளிகளில் இருக்கிறது. பகலில் நமக்கு வேலை இருந்தது. வேலை இல்லாத நாளிலும் வகுப்பறைக் கதவு நமக்குத் திறக்கவில்லை. அதனால்தான் ஜோதிராவ் பூலே 1855-இல் புனேயில் உழைப்பாளிகளுக்கு இரவுப் பள்ளி தொடங்கினார். அருந்ததியர் தலைவரும் சென்னைச் சட்டசபை உறுப்பினருமான எல்.சி. குருசாமி, நகரில் தம் மக்கள் வாழ்ந்த பகுதிகளில் இரவுப் பள்ளிகளை நடத்தினார்.

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இந்த மரபு புதிதல்ல. எல்லைக்கு அந்தப் பக்கம் கோலார் தங்கவயல். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து போன நம் முன்னோர் அங்கே சுரங்கத்தில் இறங்கினார்கள். அன்று நம் ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டம்தான். அந்தத் தொழிலாளர்கள் மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் கண்டார்கள். அயோத்திதாசர் 1907-இல் தொடங்கிய ‘தமிழன்’ இதழுக்கு வாசகர்களாகவும் ஆதரவாளர்களாகவும் இருந்தார்கள். 1914-இல் அவர் மறைந்தார்; 1920-களில் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே அந்த இதழை மீண்டும் நடத்தினார். சுரங்கத்திலிருந்து மேலேறி வந்த கைகள்தாம் அந்தத் தாளைப் புரட்டின. இந்த முயற்சிகள் எல்லாவற்றிலும் கற்பித்தவரும் கற்றவரும் ஒரே மக்களாக இருந்தார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

2001-இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதற்குள் 1970-களில் வந்த சிப்காட், ஓசூரை ஆலை நகரமாக்கியிருந்தது. இன்று தாய் ஒரு ஷிப்ட், தந்தை ஒரு ஷிப்ட். சிலர் அத்திப்பள்ளியைத் தாண்டிப் பொம்மசந்திரா வரை போய்வருகிறார்கள். பள்ளி விட்ட நான்கு மணியிலிருந்து இரவு வரை காலனிப் பிள்ளைக்குத் துணை யார்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளை டியூஷனுக்குப் போகிறது. நம் வீட்டுப் பெண் பிள்ளை தம்பியைப் பார்த்துக்கொள்கிறது. ஏற்றத்தாழ்வு அந்த நான்கு மணி நேரத்தில்தான் கெட்டிப்படுகிறது.

கொரோனாவுக்குப் பின் 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ இந்த நேரத்தைத்தான் குறிவைத்தது. முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட 12 மாவட்டங்களில் கிருஷ்ணகிரியும் ஒன்று. தன்னார்வலர் என்ற பெயரில் யார் நுழைவார்கள் என்ற அச்சம் அப்போது எழுந்தது. அது நியாயமான அச்சமே. ஆனால் பயன் அளக்கப்பட்டிருக்கிறது. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதங்களில், இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 சதவீதம் மாலை வகுப்பால் வந்தது. இழப்பு ஏழைப் பிள்ளைகளுக்கு அதிகமாக இருந்ததுபோல, மீட்சியும் அவர்களிடமே அதிகமாக இருந்தது.

ஆகவே, மாலை வகுப்பால் பயன் உண்டா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அது யார் கையில், என்ன கூலியில், எந்த மொழியில் நடக்கிறது என்பதே இனி நம் கேள்வி. தெலுங்கோ கன்னடமோ வீட்டில் பேசும் அருந்ததியர் பிள்ளைக்கு, அதே தெருவில் வளர்ந்த அக்கா சொல்லித்தந்தால் தமிழ்ப் பாடம் பிடிபடும். அந்த அக்காவுக்கு அரசு தந்தது மாதம் 1,000 ரூபாய். அதைத் தொண்டு என்று அழைப்பது, நம் பெண்களின் உழைப்பை மலிவாக வாங்கும் பழைய வழக்கத்தின் தொடர்ச்சியே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பகல் பள்ளி கைவிட்டதால் நம் முன்னோர் விளக்கேற்றினார்கள்; பகல் பள்ளியை விட்டுக்கொடுக்க அவர்கள் ஏற்றவில்லை. மாலை மையத்தைக் காட்டி ஆதிதிராவிடர் நலப் பள்ளியின் காலிப் பணியிடத்தை மறைத்தால் அதை எதிர்ப்போம். ஒவ்வொரு காலனியிலும் மாலை மையம், ஷிப்டுக்கு ஏற்ற நேரம், கற்பிப்பவருக்கு முறையான ஊதியம் – இவற்றை உரிமையாகக் கேட்போம். பகல் பள்ளியில் முழு எண்ணிக்கையில் ஆசிரியர்களையும் அதே மூச்சில் கேட்போம்.