இரும்புக் காலிபர் முதல் அதிரும் உள்ளடி வரை: சமநிலை காக்கும் அணிகருவிகளின் வரலாறும் பழவேற்காட்டுக் கரையும்

முன்னுரை

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சில்காவுக்கு அடுத்துப் பெரியது பழவேற்காடு. பரப்பு பெரிதென்றாலும் ஆழம் குறைவு; சராசரியாக ஒரு மீட்டர் அளவே இருக்கும். கூனங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் முதலிய ஊர்களின் பிழைப்பு இந்த ஏரியையும் அதையடுத்த கடலையும் நம்பியது. முறைவைத்து மீன்பிடிக்கும் 'பாடு' இங்கே தலைமுறைகளாக இருந்துவருகிறது. படகில் நின்றபடி கழி ஊன்றித் தள்ளுவது, இடுப்பளவு நீரில் வலை இழுப்பது, சேற்றில் கால் புதைய நடந்து இறால் தடவுவது என்று எல்லா வேலைக்கும் முதல் தேவை தடுமாறாத உடல்.

பக்கவாதம், பார்க்கின்சன் நோய், பெருமூளை வாதம், இளம்பிள்ளைவாதத்தின் (போலியோ) எச்சம் ஆகியவை அந்தச் சமநிலையைக் கெடுக்கின்றன. அதை மீட்டுத்தர உடலில் அணியும் கருவிகள் எப்படி வளர்ந்தன, அவை இத்தகைய கரைக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் கருவியை உருவாக்கியோர் உடலைப் பற்றி நல்ல கேள்விகளைக் கேட்டார்கள். அணிந்தவர் நிற்கும் தரையைப் பற்றிய கேள்வியோ பெரும்பாலும் கேட்கப்படாமலே இருக்கிறது.

சமநிலைக்கு மூன்று வழிகள்

மனிதர் விழாமல் நிற்பதற்குக் கண், உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு, தோலும் தசையும் மூட்டும் தரும் உணர்வு ஆகிய மூன்றும் வேண்டும். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவர் மோரிட்ஸ் ரோம்பெர்க்கின் பெயரால் வழங்கும் சோதனை இதை எளிதாகக் காட்டும். பாதங்களைச் சேர்த்துவைத்துக் கண்ணை மூடச் சொன்னால், காலின் உணர்வு குறைந்தவர் தள்ளாடுவார். அதுவரை கண்தான் அவரைக் காத்திருக்கிறது. விடியுமுன் புறப்படும் படகில் கண்ணுக்கு வெளிச்சம் இல்லை, காலுக்குக் கீழே நிலையான தளமும் இல்லை. மருத்துவமனைத் தரையில் வெளியே தெரியாத குறை அங்கே முழுதாக வெளிப்பட்டுவிடும்.

முதற்கட்டம்: தாங்கும் இரும்பு

தமிழ்நாட்டில் பலரும் கண்ணால் கண்ட அணிகருவி போலியோ காலிபர்தான். லிவர்பூலில் பணியாற்றிய ஹியூ ஓவன் தாமஸ் 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய கால்தாங்கிகளின் வழிவந்தது அது. காலின் இருபுறமும் இரும்புக் கம்பிகள், தொடையிலும் கெண்டைக்காலிலும் தோல்பட்டைகள், முட்டியில் ஒரு பூட்டு, அடியில் கனத்த பூட்ஸ் என்பது அதன் அமைப்பு. எழுந்து நிற்கையில் பூட்டு விழும். வலுவிழந்த முட்டி மடியாது. உட்காரும்போது கையால் பூட்டை விடுவிக்க வேண்டும்.

தசை செய்ய வேண்டிய வேலையைக் கம்பி செய்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பள்ளிக்கு நடந்துபோக அதுவே வழி. ஆனால் உப்புநீர் பட்டால் இரும்பு துருப்பிடிக்கும். தோல் விறைத்து வெடிக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து தண்ணீரில் இருக்கிறது. முட்டி பூட்டிய கனத்த காலுடன் படகிலிருந்து தவறி விழுபவருக்குக் காலிபரே உயிருக்குப் பகையாகிவிடக்கூடும். இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட கடைசி நோயாளி 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச்சில் நாடு போலியோ இல்லாதது என்று சான்று பெற்றது. ஆயினும் முன்பு பாதிக்கப்பட்ட தலைமுறை இன்றும் நம்மோடு நடந்துகொண்டிருக்கிறது.

இரண்டாம் கட்டம்: வேலூர் காட்டிய வழி

1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் புண்களுக்கு வலியுணர்வு இழப்பே முதற்காரணம் என்று நிறுவினார். அங்கும் 1955இல் தொடங்கப்பட்ட கரிகிரி மருத்துவமனையிலும் நடந்த பணிகளால் நுண்ணறை ரப்பர் செருப்பு பரவியது. மக்கள் வாயில் இன்றும் அது 'எம்.சி.ஆர். செருப்பு'. பாதம் தொங்கிப்போனவர்களுக்குத் தசைநாணை இடம்மாற்றும் அறுவைச் சிகிச்சையும், பாதத்தை மேலே இழுத்துப் பிடிக்கும் வாரும் துணை நின்றன. நம் மக்கள் அணியும் செருப்பே மருத்துவக் கருவியாக முடியும் என்பது இங்கே மெய்ப்பட்டது.

அதே கல்லூரியின் மேரி வர்கீஸ், 1954இல் நேர்ந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூர் பாகாயத்தில் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. கருவியை மாட்டிவிட்டு அனுப்புவதோடு நில்லாமல், அதோடு வாழப் பழக்குவதும் மருத்துவத்தின் கடமை என்ற எண்ணம் இதனால் வேரூன்றியது.

1960களின் இறுதியில் மேலைநாடுகளில் பிளாஸ்டிக்கால் ஆன கணுக்கால் தாங்கி வந்தது. நம் மருத்துவமனைகளில் 'ஏ.எஃப்.ஓ.' என்கிறார்கள். காலின் அச்செடுத்து, சூடாக்கிய பாலிபுரொப்பிலீன் தகட்டை அதன்மேல் படியவைத்துச் செய்வது. எடை குறைந்தது, துரு இல்லை, வேட்டிக்குள்ளோ சேலைக்குள்ளோ மறைந்தது. 1985இல் சென்னையில் தொடங்கிய வித்யாசாகர் போன்ற அமைப்புகள் பெருமூளை வாதக் குழந்தைகளுக்கான பயிற்சியை வளர்த்தபோது, இத்தகைய தாங்கிகளும் பழக்கத்துக்கு வந்தன. எனினும் கரையில் இதற்கும் ஒரு சிக்கல் உண்டு. தகட்டுக்கும் தோலுக்கும் இடையில் ஈரமணல் புகுந்தால் ஒவ்வோர் அடியிலும் உரசும். காலில் உணர்வு குறைந்தவருக்கு அது வலிக்காது. மாலையில் கழற்றும்போதுதான் புண் கண்ணில் படும்.

மூன்றாம் கட்டம்: உணர்த்தும் கருவிகள்

1961இல் லிபர்சன் குழுவினர் வேறொரு பாதையைத் திறந்தார்கள். பக்கவாதம் வந்தவரின் குதிகாலடியில் ஒரு சுவிட்ச் வைத்தார்கள். குதிகால் தரையை விட்டு எழும்போது மின்தூண்டல் நரம்புக்குச் சென்று பாதத்தை உயர்த்தியது. உடலின் அசைவை அறிந்து பதில் தரும் அணிகருவிகளுக்கு இது முன்னோடி.

1967இல் பர்டன் மார்ட்டின், பார்க்கின்சன் நோயாளிகள் தரையில் குறுக்கே வரைந்த கோடுகளைத் தாண்டி நன்றாக நடப்பதை விவரித்தார். தானாக அடியெடுத்து வைக்கும் மூளைவழி தடைபட்டாலும், கண்ணால் கண்டு அடிவைக்கும் வழி வேலைசெய்கிறது. நெதர்லாந்தில் உருவான லேசர் காலணி இதன் வளர்ச்சி. ஒரு கால் ஊன்றியதும் மறுகாலுக்கு முன்னால் ஒளிக்கோடு விழும். 2018இல் வெளியான ஆய்வில், நடக்கையில் உறைந்து நின்றுவிடும் தருணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. ஆனால் உச்சிவெயிலில் வெண்மணல் மேல் ஒளிக்கோட்டைக் காண்பது கடினம்.

2003இல் ஜேம்ஸ் காலின்ஸ் குழுவினர், அணிந்தவரே உணராத அளவுக்கு மெல்ல அதிரும் காலணி உள்ளடிகளின் மேல் முதியவர்களை நிற்கவைத்தார்கள்; உடலாட்டம் குறைந்தது. பாதத்துக்கு எட்டாமல் போன மெல்லிய செய்தியை அதிர்வு எட்டவைக்கிறது. தண்டுவடமும் மூளையும் பாதிக்கப்பட்டவர்களுக்கு உடல் எடையில் ஒன்று, ஒன்றரை விழுக்காடே கொண்ட எடைகளை உடம்போடு அணிவித்துத் தள்ளாட்டத்தைக் குறைக்கும் முயற்சிகளும் நடந்துள்ளன. அவற்றுக்கான சான்றுகள் இன்னும் சிறியவை.

சட்டமும் கரையும்

1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றது. 2016ஆம் ஆண்டின் சட்டம் அதை 21 ஆக்கிப் பார்க்கின்சன் நோயையும் மல்டிபிள் ஸ்கிளரோசிஸையும் சேர்த்தது. நடுக்கத்தை 'வயசானா அப்படித்தான்' என்று தள்ளிவிடும் வீடுகளுக்கு இந்த அங்கீகாரம் பெரிது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இயன்முறை மருத்துவரை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது.

முடிவுரை

தாங்குதல், இலகுவாதல், உணர்த்துதல் என்று மூன்று கட்டங்களைக் கடந்த இவ்வரலாற்றில் அடுத்த கட்டம் கரையிலிருந்து எழ வேண்டும். கருவியை அளவெடுத்துச் சரிபார்ப்பது மருத்துவமனை நடைபாதையோடு முடியக் கூடாது. ஈரமணலிலும், படகில் ஏறி இறங்கும் இடத்திலும் நடக்கவைத்துப் பார்க்க வேண்டும். தாங்கியில் நீர் வடியத் துளைகள் வேண்டும். மின்கருவியை உப்புநீர் புகாமல் மூட வேண்டும். செருப்பின்றியும் அணிய முடிய வேண்டும். தண்ணீரில் விழுந்தால் ஒரே இழுப்பில் கழன்றுவிட வேண்டும். இவை எதற்கும் புதிய அறிவியல் தேவையில்லை. எம்.சி.ஆர். செருப்பை உருவாக்கியவர்கள் நோயாளியின் அன்றாடத்தை உற்றுப் பார்த்தார்கள். அதே கவனத்தை வலை இழுப்பவருக்கும் மீன் காயவைப்பவருக்கும் தருவது மருத்துவத்தின் கடன்; வீடுவரை வந்துவிட்ட இயன்முறை மருத்துவர் இன்னும் சில அடி நடந்து துறைக்கு வந்தால் அது தொடங்கிவிடும்.