அரசனின் ஆசனத்திலிருந்து: சுமேரிய விளையாட்டும் அதன் மதிப்பீடும்

கல்விக்கான கணனி விளையாட்டுக்களை மதிப்பிடுவோர் பெரும்பாலும் ஒரு வினாவையே எழுப்பி வந்துள்ளனர்: மாணவர் எவ்வளவு கற்றனர், எவ்வளவு விரைவிற் கற்றனர்? அவர்கள் கற்றது எத்தகைய சமூகக் கோட்பாடு என்பது அரிதாகவே வினவப்பட்டது. இவ்விடுபாடு தற்செயலானதன்று. அத்துறையின் தொடக்கத்திலேயே அது வேரூன்றிவிட்டதென்பதை 1960களில் ஐக்கிய அமெரிக்காவில் உருவான ‘சுமேரிய விளையாட்டு’ தெளிவுறக் காட்டுகின்றது.

நியூயோர்க் மாநிலத்தின் வெஸ்ட்செஸ்டர் பகுதிக் கல்விக் கூட்டுறவுச் சபையும் ஐ.பி.எம். நிறுவனமும் இணைந்து, மத்திய அரசின் கல்வி அலுவலகம் வழங்கிய நிதியைக் கொண்டு மேற்கொண்ட ஆய்வின் விளைவே இது. பாடசாலை ஆசிரியையான மேபல் அடிஸ் இதனை எழுத, ஐ.பி.எம்.மைச் சேர்ந்த வில்லியம் மக்கே நிரலாக்கினார். 1964 இல் ஆறாம் வகுப்பு மாணவர் இதனை முதன்முறையாக ஆடினர். தட்டச்சு முனையத்தின் முன்னமரும் மாணவன், கி.மு. 3500 அளவில் லகாஷ் நகரை ஆள்பவனாகின்றான். விளைந்த தானியத்தில் உணவுக்கு எவ்வளவு, விதைக்கு எவ்வளவு, களஞ்சியத்துக்கு எவ்வளவு என அவன் ஆணையிட, அரண்மனைக் காரியஸ்தன் விளைவை அறிவிப்பான். கைத்தொழிலும் வணிகமும் பிந்திய பகுதிகளில் வரும். கணனி விளையாட்டின் தொடக்கத்தில் ஓர் ஆசிரியையின் பெயர் நிற்பது மகிழ்ச்சிக்குரியது. வரலாற்றெழுத்தாளர் நெடுங்காலம் அதனைக் கவனியாது விட்டமை வேறு கதை.

ஆய்வாளர், இவ்விளையாட்டின் மூலம் கற்றோரை வழக்கமான முறையிற் கற்றோருடன் ஒப்பிட்டனர். பொருளியற் கருத்துக்கள் மனத்திற் பதிந்தனவா என்பதே அளவுகோல். அக்கருத்துக்கள் யாருடைய நிலையினின்று நோக்கப்பட்டவை என்பது அளவுகோலுக்குள் அடங்கவில்லை. இதே திட்டத்தில் உருவான மற்றிரு விளையாட்டுக்களையும் சேர்த்து நோக்குமிடத்து இது மேலும் துலக்கமுறும். ஒன்று, 1961 இல் விடுதலைபெற்ற சியாரா லியோனின் அபிவிருத்தி பற்றியது. அதில் மாணவன் அமெரிக்க உதவி அலுவலனாவான். மற்றதன் பெயரே ‘சுதந்திர முயற்சி விளையாட்டு’. அரசன், உதவியாளன், முதலாளி: ஆசனங்கள் மாறுகின்றன, உழைப்போனுக்கு ஆசனமில்லை.

சுமேரிய விளையாட்டின் மூல நிரலைவிட அதன் வழித்தோன்றலே பரவலாக அறியப்பட்டது. 1968 இல் டக் டைமென்ற் அதன் கருவை எடுத்துச் சிறியதொரு நிரலை எழுதினார். அதனை டேவிட் ஆல் பேசிக் மொழிக்கு மாற்றி, ‘ஹமுராபி’ என்ற பெயரில் 1973 இல் தம் தொகுப்பிற் சேர்த்தார். ஹமுராபி பாபிலோனியன், சுமேரியன் அல்லன். அது போகட்டும். 1978 ஆம் ஆண்டுப் பதிப்பில் உள்ள நிரலின் உள்ளமைப்பே நமது கவனத்துக்குரியது. ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 20 புசல் தானியம் தேவை. ஓராண்டில் மக்களில் நூற்றுக்கு 45 பேருக்கு மேற் பட்டினியால் இறந்தால் ஆட்சி கவிழும். 44 பேர் இறப்பின் அடுத்த ஆண்டும் அரசன் அரசனே. கவிழ்ப்பு குற்றப்பிரேரணையால் நிகழ்கிறதாம். புராதன அரசன் மீது அதனைக் கொணர்ந்த சபை எதுவென நிரல் கூறவில்லை. பத்தாண்டு முடிவில் அரசனுக்குப் புள்ளியிடுவன இரண்டு: இறந்தோர் விகிதமும், தலைக்குரிய நிலமும்.

இறந்தோரின் இடம் எவ்வாறு நிரம்புகின்றது என்பது இன்னும் கூர்ந்து நோக்கற்பாலது. புதியோரின் தொகையை நிலமும் தானியமும் கூட்டும். இருக்கும் குடித்தொகை குறைக்கும். எனவே ஏனையவை மாறாதிருப்பின், இவ்வாண்டு பலர் மடிந்தால் மறு ஆண்டு கூடுதலானோர் வருவர். நிரலின் உட்குறிப்பு இதனைப் பிறப்பு என்கின்றது. அரசனுக்குக் கிடைக்கும் அறிக்கையோ நகருக்கு வந்தோர் என்கின்றது. உழைப்பாளர் எங்கிருந்து, ஏன் வந்தனர் என்பது அரண்மனைக்கு வேண்டாத செய்தி போலும். அவர்கள் ஓடிப்போவதில்லை, வேலை மறுப்பதில்லை, தானியத்தை ஒளிப்பதுமில்லை.

வரலாற்று லகாஷ் இத்தகையதன்று. நிலம் முழுவதும் கோயிலுடையதே என்ற அன்ரன் டைமெலின் கருத்தைச் சோவியத் அறிஞர் டியாகனோவ் மறுத்து, கோயில் நிலம் ஒரு பகுதியே என வாதிட்டார். ஆள்வோர் ஒருவரின் கையில் எல்லாம் அடங்கியிருந்ததென்ற எளிய சித்திரம் அதன்பின் நிற்கவில்லை. கி.மு. 2350 அளவில் அந்நகரை ஆண்ட உருகாகினாவின் சாசனங்கள், அதிகாரிகள் மக்களிடம் பறித்தவற்றை நிரல்படக் கூறுகின்றன. ஒரு பிணத்தை அடக்குவதற்குப் பெறப்பட்ட 7 சாடி பியர் 3 ஆகவும், 420 அப்பம் 80 ஆகவும் குறைக்கப்பட்டனவாம். இது அரசனின் தற்புகழ்ச்சி கலந்த சான்று என்பதை மறத்தலாகாது. எனினும் இங்கே எண்கள் எவர் எவரிடமிருந்து பெற்றனர் என்பதைச் சொல்கின்றன. விளையாட்டின் எண்களுக்கு அப்பேச்சே இல்லை.

ஆயினும் ஆல் வெளியிட்ட தொகுப்பின் ஒரு சிறப்பை ஒப்புக்கொள்ளல் வேண்டும். நிரலின் ஒவ்வொரு வரியும் நூலில் அச்சாகியிருந்தது. வாசகன் அதனைத் தானே தட்டச்சு செய்தே விளையாட முடிந்தது. 45 விழுக்காடு என்ற எல்லை அவன் கண்முன்னே கிடந்தது. அதனை 5 ஆக்குவதற்கு எவரிடமும் அனுமதி பெறவேண்டியதில்லை. பின்னர் வந்த கல்வி மென்பொருள்களிற் பெரும்பாலானவை மூடிய நிலையிலேயே பாடசாலைக்குள் வந்தன. மதிப்பீட்டாளரின் கைக்கு மாணவரின் புள்ளிகள் வந்தன. எல்லையை வகுத்த வரி வரவில்லை.