லவுண்ட்ஸ் கவுண்டி: ஒரு கரிசல் நிலத்தின் வரலாறு

1965 மார்ச்சில் செல்மாவிலிருந்து மாண்ட்கோமரிக்கு மார்ட்டின் லூதர் கிங் நடத்திச் சென்ற பேரணியை நம்மில் பலர் பாடமாகப் படித்திருக்கிறோம். அவ்விரு நகரங்களின் பெயர்களும் நமக்குப் பழக்கம். ஆனால் பேரணி கடந்த 80ஆம் எண் நெடுஞ்சாலையின் பெரும்பகுதி லவுண்ட்ஸ் என்னும் கவுண்டிக்குள் கிடக்கிறது; அந்தப் பெயரைக் கேட்டவர்கள் குறைவு. (கவுண்டியை ‘மாவட்டம்’ என்று பெயர்ப்பதில் எனக்குத் தயக்கமுண்டு. நம் மாவட்ட ஆட்சியர் நியமிக்கப்படுபவர். அங்கே காவல் தலைவரான ஷெரீபையும் மக்களே தேர்ந்தெடுக்கின்றனர். இந்த வேறுபாடு பின்னால் தேவைப்படும்.)

வடக்கில் அலபாமா ஆறு எல்லை. அடியில் கிரிட்டேசியஸ் காலக் கடல் விட்டுச்சென்ற சுண்ணப்பாறை. மேலே பருத்திக்கு உகந்த கரிய களிமண். ‘பிளாக் பெல்ட்’ என்ற பெயர் முதலில் மண்ணின் நிறத்தையே குறித்தது, பின்னரே மக்களின் நிறத்தைக் குறிக்கலாயிற்று என்று புக்கர் டி. வாஷிங்டன் தம் தன்வரலாற்றில் விளக்குகிறார். கிரீக் பழங்குடியினர் 1814 உடன்படிக்கையில் இழந்த நிலத்தில், 1830இல் இக்கவுண்டி அமைந்தது. பருத்திக்காகக் கொண்டுவரப்பட்ட அடிமைகளின் வழித்தோன்றல்களே இன்றுவரை இங்குப் பெரும்பான்மையினர்.

1965இன் தொடக்கத்தில் மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் கறுப்பர். வாக்காளர் பட்டியலில் அவர்களுள் ஒருவர்கூட இல்லை. வெள்ளையரிலோ, தகுதியுடையோரின் எண்ணிக்கையைக் காட்டிலும் பதிவு பெற்றோரின் எண்ணிக்கை மிகுதி! பேரணி முடிந்த அன்றிரவே வயோலா லியூசோ இந்த நெடுஞ்சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். வாக்குரிமை கேட்ட குத்தகை உழவர்கள் நிலத்திலிருந்து விரட்டப்பட்டுச் சாலையோரக் கூடாரங்களில் தங்கினர். ஜான் ஹியூலெட்டும் ஸ்டோக்லி கார்மைக்கேலும் முன்னின்று உருவாக்கிய உள்ளூர்க் கட்சி, எழுத்தறியா வாக்காளர்க்காகக் கருஞ்சிறுத்தையைச் சின்னமாகக் கொண்டது. ஓக்லண்டின் புகழ்பெற்ற பிளாக் பாந்தர் கட்சி எடுத்துக்கொண்டது இதனைத்தான். 1966 தேர்தலில் இவர்கள் தோற்றனர். 1970இல் ஹியூலெட் ஷெரீபானார்.

வரலாற்று நூல்கள் பலவும் இந்த வெற்றியோடு நின்றுவிடுகின்றன. எனக்கு அது போதுமானதாகப் படவில்லை. 1900இல் 35,651ஆக இருந்த மக்கள்தொகை 2020இல் 10,311. பருத்தி போயிற்று, இளையோர் வடக்கே போயினர், மண் மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தக் களிமண் நீரை உறிஞ்சுவதில்லை. வழக்கமான கழிவுநீர்த் தொட்டி இங்கே மழைக்காலத்தில் நிரம்பி வீட்டுக்குள்ளேயே திரும்பிவிடும். களிமண்ணுக்கேற்ற அமைப்புக்குப் பல்லாயிரம் டாலர் வேண்டும். ஏழைகள் வேறு வழியின்றிக் குழாயைத் திறந்தவெளியில் விட்டுவிடுகின்றனர். அரசு அதனைக் குற்றமாகக் கருதி அவர்கள்மீதே வழக்குத் தொடுத்தது. 2017இல் வெளியான ஆய்வொன்றில் 55 பேரின் மாதிரிகளில் 19இல் கொக்கிப்புழுவின் தடயம் தென்பட்டது. மாதிரி சிறியது, அதைக்கொண்டு கவுண்டி முழுமைக்கும் விகிதம் சொல்ல முடியாது. எனினும், செல்வம் மிகுந்த நாடொன்றில் இது தென்பட்டதே நாட்டின் கவனத்தை ஈர்த்தது.

குடிமை உரிமைகள் சட்டத்தின்கீழ் நடந்த விசாரணைக்குப் பின், 2023 மேயில் கூட்டரசின் நீதித்துறையும் அலபாமா பொதுச் சுகாதாரத் துறையும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. கழிவுநீர்ச் சிக்கலுக்காகக் குடியிருப்போர்மீது நடவடிக்கை எடுப்பதை நிறுத்த மாநிலம் இசைந்தது. 2025 ஏப்ரலில் புதிய நிர்வாகம், பன்மைத்துவக் கொள்கைகளுக்கு எதிரான அதிபர் ஆணையைக் காரணம் காட்டி, அவ்வுடன்பாட்டை முடித்துக்கொண்டது.