வெள்ளைக்கு வெள்ளை சேர்த்தால்

போன மாதம் சாரல் சீசனுக்குத் தென்காசி வீட்டுக்குப் போயிருந்தோம். அருவியில் தண்ணீர் அதிகம், குளிக்க விடவில்லை. மகள் வீட்டிலேயே உட்கார்ந்து கணினியில் நாய்க் கண்காட்சி விளையாட்டு ஒன்றை ஆடிக்கொண்டிருந்தாள். நாய் வளர்க்கணும், ஜோடி சேர்க்கணும், குட்டியைப் போட்டிக்கு அனுப்பணும். அவளுடைய இரண்டு சாம்பியன்களையும் சேர்த்தாள், குட்டிகள் எல்லாமே சோப்ளாங்கி. "ரெண்டும் பெஸ்ட் நாய்தானேப்பா, ஏன்?" என்று கேட்டாள். திரையில் ஓரமாக 25% என்று ஒரு எண் இருந்தது. இரண்டும் ஒரே ஈற்றில் பிறந்த அண்ணன் தங்கை.

இந்தக் கணக்கை 1922-ல் சீவால் ரைட் என்ற அமெரிக்க மரபியலாளர் போட்டுக் கொடுத்தார். ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் அந்த எண். கூடப்பிறந்தவற்றைச் சேர்த்தால் 25%. ஒன்றுவிட்ட உறவு என்றால் 6.25%. (நம்ம பக்கத்து மாமன் - அக்கா மகள் கல்யாணத்துக்கு இதே கணக்கில் 12.5% வரும். இதை வீட்டில் சொல்லிவிட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.)

அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு வெள்ளையன் ஞாபகம் வந்தது.

நான் எட்டாவது படிக்கும்போது அப்பா ராஜபாளையத்திலிருந்து ஒரு குட்டி வாங்கி வந்தார். பால் வெள்ளை, ரோஸ் மூக்கு. "கலப்பே இல்லாத ஜாதி" என்று சொல்லி விற்றார்களாம். கூப்பிட்டால் வராது. திமிர் என்று அப்பா அடிப்பார். குக்கர் விசில் பக்கத்திலேயே அடித்தபோதும் அது அசையாமல் தூங்குவதை அம்மாதான் முதலில் கவனித்தாள். ஒரு வயது ஆவதற்குள் கொல்லம் ரோட்டில் லாரியில் அடிபட்டுப் போனது. ஹார்ன் சத்தம் எங்களுக்கு வீட்டுக்குள் கேட்டது.

தென்காசியிலிருந்து கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி தாண்டினால் ராஜபாளையம், சுமார் 60 கிலோமீட்டர். பாளையப்பட்டுகளும் ஜமீன்களும் வரிசையாக இருந்த தடம் இது. வேட்டைக்கும் காவலுக்கும் நாய் வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் ஜோடி சேர்க்கப் பதிவேடு கிடையாது. ஓடுகிறதா, முயலை விடாமல் பிடிக்கிறதா என்று பார்த்துப் பக்கத்து ஊர்க் கடுவனிடம் பெட்டையைக் கொண்டுபோவார்கள். காது கேட்காத நாய் வேட்டையில் முதல் நாளே மாட்டிக்கொள்ளும்.

கண்காட்சி என்பது வேறு உலகம். 1859-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் பாயின்டர், செட்டர் இனங்களுக்கு மட்டும் நடந்ததைத்தான் முறையான முதல் நாய்க் கண்காட்சி என்பார்கள். 1873-ல் லண்டனில் கென்னல் கிளப் வந்தது. அதன் பிறகு பதிவேட்டில் தாய் தகப்பன் பெயர் இருக்கும் நாய்தான் 'சுத்தம்'. நாய் என்ன செய்கிறது என்பது பின்னுக்குப் போய், எப்படி இருக்கிறது என்பது முன்னுக்கு வந்தது. என் மகளின் விளையாட்டு இந்த உலகத்தின் நகல்தான்.

ராஜபாளையம் நாய்க்கு 'எப்படி இருக்கணும்' என்ற கேள்விக்கு வந்த விடை வெள்ளை. 2005 ஜனவரி 9-ல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தலை வெளியிட்டது. அதிலும் வெள்ளை ராஜபாளையம்தான். ஈற்றில் புள்ளியோடும் திட்டோடும் குட்டி விழுந்தால் கலப்பு என்று ஒதுக்கிவிடுவார்கள்.

சிக்கல் இங்கேதான். தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் செல்கள் உட்காதிலும் இருக்கின்றன. அங்கே அவை இல்லாவிட்டால் ஒலியை உணரும் செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே செத்துப்போகும். நிறத்தைத் துடைக்கத் துடைக்க, சில குட்டிகளுக்குக் காதும் சேர்ந்து துடைபடுகிறது. இன்னொரு கண்ணி: ஒரு காது மட்டும் கேட்காத நாய் பார்க்க நன்றாகவே இருக்கும். கை தட்டினால் திரும்பும். மூளைக்குப் போகும் மின்னலையை அளக்கும் சோதனையில்தான் மாட்டும். அந்தச் சோதனை இல்லாமல், அழகாக இருக்கிறது என்று அதையும் ஜோடி சேர்ப்பார்கள். வெள்ளையனின் தகப்பனோ தாயோ அப்படிப்பட்டதாக இருந்திருக்கலாம்.

டால்மேஷியனிலும் இதே கதைதான். உடம்பில் பெரிய கறுப்புத் திட்டோடு பிறக்கும் டால்மேஷியன்களுக்குச் செவிட்டுத்தன்மை குறைவு. ஆனால் கண்காட்சி விதிப்படி திட்டு இருந்தால் தகுதி இழப்பு! அந்த இனத்துக்கு யூரிக் அமிலக் கோளாறு ஒன்றும் உண்டு. சுத்த டால்மேஷியன் எல்லாவற்றிலும் அந்தக் கோளாறு மரபணு இரட்டைப் பிரதியாகவே இருந்ததால், இனத்துக்குள் எந்த ஜோடியைத் தேடினாலும் பிரயோஜனமில்லை. 1973-ல் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் ஒரு பாயின்டரோடு ஒரே ஒரு முறை கலந்து, பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷியனோடேயே சேர்த்துக்கொண்டு வந்தார். அந்த வம்சத்தை அமெரிக்கக் கென்னல் கிளப் நிலையாகப் பதிவேட்டில் ஏற்க 2011 ஆனது. 38 வருஷம்!

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஒதுக்கப்பட்ட அந்தப் புள்ளிக் குட்டிகளிலேயே மாற்று இருக்கிறது. ஆனால் நிறத்தை வைத்தே இனத்தைப் பிரிப்பது நம்ம பழக்கம். சிப்பிப்பாறையையும் கன்னியையும் பாருங்கள். உடல்வாகு கிட்டத்தட்ட ஒன்றுதான், கறுப்பும் தாமிரமுமாக இருந்தால் கன்னி என்கிறோம். பொதுவாக நாய்களில் செம்பழுப்பு ஓங்கு பண்பு, கறுப்பு-தாமிரம் ஒடுங்கு பண்பு. அதாவது இரண்டு செவலை நாய்கள் சேர்ந்தால் கறுப்பு-தாமிரக் குட்டியும் பிறக்கலாம். ஒரே ஈற்றில் இரண்டு 'இனம்'! இவற்றை மொத்தமாக ஒரே குடும்பம் என்று வைத்தால் ஜோடிக்குப் பஞ்சம் குறையும் என்பது என் கருத்து. நாய்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதும் தெரியும்.

அரசாங்கமும் முயன்றது. 1980-களில் சைதாப்பேட்டையில் கால்நடைப் பராமரிப்புத் துறை நாட்டு நாய் இனப்பெருக்க மையம் நடத்தியது. விலங்கு நல ஆர்வலர்கள் வழக்குப் போட்டு, 2016-ல் அதை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் நம்ம ஊர் நாய்களின் பெயரைச் சொன்னார். அந்த ஆர்வத்தில் எல்லோரும் வெள்ளைக் குட்டியே கேட்டால், சேர்ப்பதும் வெள்ளைக்கு வெள்ளையாகத்தான் இருக்கும்.

ஊரிலிருந்து கிளம்பும் முன் சிவகிரிப் பெரியப்பா மகன் போன் பண்ணினார். அவரிடம் ஒரு ராஜபாளையம் பெட்டை இருக்கிறது, பருவத்துக்கு வந்துவிட்டதாம். "தம்பி, நீ ஏதோ கணக்கெல்லாம் போடுறியாமே. இதோட அப்பன்கிட்டயே சேத்துருவமா? சுத்தமா இருக்கும்ல?" வேண்டாம்ணே, அதுவும் 25% என்றேன். அப்போ எதோடு என்றார். காலில் சாம்பல் திட்டு இருக்கிறதென்று போன ஈற்றில் தெருக்கோடி வீட்டுக்குச் சும்மா கொடுத்தாரே ஒரு கடுவன், அது வேறு பெட்டைக்குப் பிறந்தது. அதுக்குக் காது நன்றாகக் கேட்கிறதா என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அது என் வண்டிச் சத்தம் கேட்டாலே தெரு முக்குக்கு ஓடிவருமேடே" என்றார்.